இலை போட்ட காட்சி

தனுஷா அந்த நாடகத்தை முதல் தடவை வாசித்தபோது அவளுக்குக் கொட்டாவிதான் வந்தது. பின்னே என்ன? வடக்கு ஐரோப்பாவில், வருடத்தில் பாதி நாள் சூரியனையே காணாத ஏதோ ஓர் ஊர். எழுதியவருடைய பெயர் வகுப்பில் ஒருவர் வாயிலும் ஒழுங்காக நுழையவில்லை. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே மூன்று பேர் மேசையைச் சுற்றி இருந்து சூப் குடிக்கிறார்கள், பேசுகிறார்கள், மறுபடியும் சூப் குடிக்கிறார்கள். மட்டக்களப்பு வாவியிலிருந்து வெக்கைக் காற்று வீச, போட்டோக்கொப்பித் தாள்கள் வியர்வையில் கையோடு ஒட்டிக்கொள்ள, இந்தச் சனம் குளிரில் நடுங்குவதை எப்படி நம்புவது?

"நவீன ஐரோப்பிய நாடகம்" என்ற அந்தப் பாடத்தை எடுத்தவர் மேர்சி மிஸ். பல்கலைக்கழக அரங்கத்துறையில் வயது குறைந்த விரிவுரையாளர் அவர்தான். சிரித்துக்கொண்டே குறை சொல்வார். அதனாலேயே மாணவர்கள் அவருக்குக் கூடுதலாகப் பயந்தார்கள். பாடத்தை அவர் மூன்றாகப் பிரித்திருந்தார். நாடகத்தை வாசிக்க வேண்டும், அதிலிருந்து ஒரு காட்சியை நடிக்க வேண்டும், நாடகத்தில் இல்லாத ஒன்றைத் தாங்களே எழுதவும் வேண்டும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வீட்டு மூத்த மகன் ஒரு பனிக்காலத்தில் வெளியே போனவன் திரும்பி வரவில்லை. செத்தானா, இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது. தாய் ஒவ்வொரு நாளும் மேசையில் அவனுக்கும் ஒரு தட்டு வைக்கிறாள். தகப்பன் கத்துகிறான், தங்கை சிரிக்கிறாள். போகப் போகத் தகப்பனும் அந்த வெறுங்கதிரையோடு பேசத் தொடங்குகிறான், பிறகு தங்கையும். மகன் கடைசிவரைக்கும் மேடைக்கு வருவதில்லை. ஆனால் பிரதியில் அவனுக்கும் முறை உண்டு. ஏரிக் என்று பெயர் போட்டிருக்கும். அதற்கு நேரே ஒன்றும் இராது.

"அதையும் வாசிக்கத்தான் வேணும்" என்றார் மிஸ். "அவன்ட முறை வந்தா எல்லாரும் கதிரையப் பாருங்க. அவன் சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுங்க."

வட்டமாகப் போட்ட கதிரைகளில் ஒன்று காலியாக விடப்பட்டது. முதல் அங்கத்தில் சிரிப்புத்தான். வட்டத்தின் ஒரு பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். இரண்டாம் அங்கத்தில் சிரிப்பு நின்றது. மூன்றாம் அங்கம் வாசித்துக்கொண்டிருந்தபோது தனுஷா தற்செயலாக மற்றவர்களுடைய முகங்களைக் கவனித்தாள். கதிரையைப் பார்க்கச் சொன்னால் ஒருவன் அதன் முதுகுச் சாய்மானத்தைப் பார்ப்பான், ஒருத்தி கதிரைக் காலைப் பார்ப்பாள். இவர்கள் எல்லாரும் ஒரே உயரத்தைப் பார்த்தார்கள். நல்ல வளர்த்தியான ஒருவன் அதில் இருந்தால் அவன் கண் எங்கே இருக்குமோ, அந்த உயரத்தை.

அன்றைக்கே மிஸ் எழுத்து வேலையையும் கொடுத்தார். ஏரிக்கின் பேச்சில்லாத இடங்களில் ஒன்றை எடுத்து, அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எழுத வேண்டும். மற்றவர்கள் பக்கம் பக்கமாகத் தத்துவம் எழுதினார்கள். தனுஷாவுக்கு ஒரே ஒரு வரிதான் வந்தது. 'நான் சாப்பிட்டுட்டன் அம்மா, நீங்க சாப்பிடுங்க.' அதை நல்ல தமிழுக்கு மாற்றவும் அவளுக்கு மனம் வரவில்லை, அப்படியே கொடுத்துவிட்டாள். மிஸ் அதன் கீழே 'இவ்வளவுதானா?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தால் தனுஷா சொல்லியிருப்பாளோ என்னவோ. அவளுடைய வீட்டிலும் ஒருவன் போயிருந்தான்.

வாழைச்சேனையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியோடு ஒட்டிய வீடு. தாய் அன்னப்பூரணி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். தகப்பன் கதிரவெளியில் இன்னொரு குடும்பத்தோடு சுகமாக இருக்கிறார். அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அண்ணன் சிவதர்ஷன் ஆறு வருடத்துக்கு முன்னர் ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகொன்றில் வேலைக்குப் போனான். படகும் வரவில்லை, அதில் போன நாலு பேரும் வரவில்லை. உடைந்த பலகை ஒன்றுகூடக் கரையொதுங்கவில்லை.

மற்ற மூன்று வீட்டுக்காரரும் ஒரு வருடம் பார்த்தார்கள். பிறகு அழுது தீர்த்து, செய்ய வேண்டிய கடமைகளைச் செய்துவிட்டார்கள். அன்னப்பூரணி மட்டும் தலைகீழாக நின்றாலும் முடியாது என்றாள். காற்றடித்து வேறு நாட்டுக்குப் போன படகுகள் இல்லையா? அங்கே பிடிபட்டு மறியலில் இருந்துவிட்டு வந்த பொடியன்கள் இல்லையா? ஊரில் யாராவது "இன்னும் எவ்வளவு காலத்துக்கு அக்கா பாத்துக்கொண்டிரிப்ப?" என்று கேட்டால் அவளிடம் ஓர் அத்தாட்சி இருந்தது.

"செத்தவன் எண்டா கனவுல வந்திருப்பான். பசிக்குதெண்டு கேட்டிருப்பான். ஆறு வருசமா அவன் ஒரு நாளாவது வந்தானா? வரல்ல. அப்ப அவன் எங்கயோ திண்டு குடிச்சு இரிக்கான்."

தினமும் உலையில் அவன் பங்கு அரிசியும் சேர்ந்தே வெந்தது. ஆனால் அன்னப்பூரணி அதைத் தட்டில் போட்டு வைக்க மாட்டாள். பானைக்குள்ளேயே மூடி வைப்பாள். ஆள் வந்து இருந்த பிறகுதான் சோறு போட வேண்டும் என்பதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். தனுஷா அந்தப் பானையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள். அம்மாவின் நம்பிக்கை அதற்குள்தான் இருந்தது. அது போனால் அம்மாவும் போய்விடுவாள் என்று அவள் பயந்தாள்.

நடிப்புக்குத் தனுஷாவின் குழு எடுத்தது கடைசிக்கு முதல் காட்சியை. தாய் தனியாக மகனுக்கு உணவு வைத்துவிட்டு, முன்னால் வந்து நின்று பேசும் இடம். தாயாக நடிப்பவள் தனுஷா. தங்கையாக றொசானி. நெறியாள்கை மேர்வின். இவன் மட்டக்களப்பு நகரத்துக் கத்தோலிக்கப் பையன். மூளையில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், பாதிதான் உருப்படியாக வரும்.

மேர்சி மிஸ்ஸுக்கு ஒரு முறை இருந்தது. ஐரோப்பிய நாடகத்தைக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நடித்தால் புள்ளி குறைப்பார். "அதை இஞ்ச கொண்டு வாங்க. உங்கட வீட்டுச் சாமானக் கொண்டு வாங்க. உங்கட வீட்டுப் பேரைக் கூப்பிடுங்க" என்பார். மேர்வின் அந்தச் சொல்லைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டான்.

"மேசை வேணாம், பாய் போடுவம்" என்றான். "பீங்கானுக்குப் பதிலா வாழையில. மெழுகுதிரிய எடுத்திட்டு ஒரு குத்துவிளக்கு. ஏரிக்கிட கோட்டு ஒண்டு கதிரைல தொங்குதெல்லா, அதுக்குப் பதிலா ஆர்ர சேட்டையாவது மடிச்சுப் பக்கத்தில வைப்பம். எப்பிடி?"

"சூப்பர்" என்றாள் றொசானி. அவளும் கத்தோலிக்கப் பிள்ளைதான். அவர்களுடைய வீடுகளில் இறந்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள், கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குப் பழக்கம்.

தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் நியாயமான மாற்றம். மேசைக்குப் பாய், தட்டுக்கு இலை, மெழுகுதிரிக்கு விளக்கு, கோட்டுக்குச் சேட். எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தபோது அது வேறொன்றாகிவிட்டது. குளிர் நாட்டில் ஆளில்லாத இடத்தில் வைத்த தட்டுக்கு அர்த்தம், வரப்போகிறான் என்பது. இங்கே ஆளில்லாத இடத்தில் இலை போட்டு, விளக்கேற்றி, உடுப்பு வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அது படையல். இறந்தவர்களுக்கு மட்டுமே வைப்பது.

மூன்று பேரில் இது தெரிந்தவள் தனுஷா ஒருத்திதான். அண்ணனோடு போனவர்களின் வீடுகளில் பார்த்திருக்கிறாள். படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே வந்து நிற்பார்கள். உள்ளே வந்தவர் சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, தட்டிவிட்டுத் திறப்பார்கள். மேர்வின் சொல்லி முடித்ததும் அதுதான் அவள் ஞாபகத்துக்கு வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் நாடகம்தானே என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். நாடகம்தானே என்ற அந்த எண்ணத்துக்குள் இன்னொரு எண்ணமும் ஒளிந்திருந்தது. அண்ணன் பெயரை அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு தடவையாவது சத்தமாகக் கூப்பிட்டுப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

மறுநாள் அவள் வீட்டுப் பெட்டிக்குள்ளிருந்த அண்ணனுடைய நீலக் கோடு போட்ட சேட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஒத்திகைக்கு அவர்களுக்கு மண்டபம் கிடைத்தது மத்தியானத்தில்தான். மற்றக் குழுக்கள் சாப்பிடப் போகும் நேரம். வெளியே உச்சி வெயில் வாவியின் மேல் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு தோணியும் அசையாது, காகமும் கத்தாது. மேடைக்குப் பின்சுவரில் கம்பி போட்ட ஒரே ஒரு யன்னல், கதவு கிடையாது. திரையைக் கயிற்றை இழுத்து மூட வேண்டும். கயிறு மேடைக்குக் கீழே, மண்டபத்துப் பக்கம் இருந்தது. திரை மூடிவிட்டால், முன்னால் நிற்பவர்கள் கண்ணில் படாமல் உள்ளே யாரும் போக முடியாது.

தனுஷா பாயை விரித்தாள். இலையைப் போட்டாள். தன்னுடைய மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்து அதில் பரிமாறினாள். சோறு, ஓரா மீன் ஆணம், கொஞ்சம் பொன்னாங்காணிச் சுண்டல். காலையில் அம்மா கட்டிக் கொடுத்தது. செம்பில் தண்ணீர் வைத்தாள், விளக்கைக் கொளுத்தினாள், சேட்டை மடித்து வைத்தாள். பிறகு நாடகத்தில் உள்ளபடி கூப்பிட்டாள்.

"சிவாண்ணா, வந்து சாப்பிடுங்க."

தாய் மகனைக் கூப்பிடும் இடத்தில் அண்ணா என்று வந்துவிட்டது. மேர்வின் அதைக் கவனிக்கவில்லை. அவள் முன்னால் வந்தாள், றொசானி கயிற்றை இழுத்தாள், திரை மூடியது. தனுஷா திரைக்கு முன்னால் நின்று தன்னுடைய நீண்ட பேச்சைப் பேசினாள். முதுகுப் பக்கத்தில் திரை லேசாக உள்ளே இழுபட்டது. யன்னலால் காற்று வந்தால் அது திரையை வெளியேதான் தள்ள வேண்டும். பேச்சு முடிந்தது, றொசானி திரையைத் திறந்தாள்.

இலையில் சோறு ஒரு பக்கம் குறைந்திருந்தது. விரல்கள் சோற்றைச் சேர்த்து வழித்த தடம் இருந்தது. மீன் துண்டு இல்லை.

"பூனை!" என்று கத்திக்கொண்டு மேர்வின் மேடையில் ஏறி மூலை மூலையாகத் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. "யன்னலால ஓடியிருக்கும்" என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

"பூனை முள்ள விட்டிட்டுப் போகுமா?" என்றாள் றொசானி.

முள் இலையில் இல்லை. இலைக்கு வெளியே, வலது பக்கம், பாயில் குவித்து வைக்கப்பட்டிருந்தது. தனுஷா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் சாப்பிடும்போது முள்ளைத் தட்டில் வைக்க மாட்டான். வலது முழங்காலுக்குப் பக்கத்தில், நிலத்தில்தான் வைப்பான். அம்மா எத்தனை தரம் ஏசியும் அந்தப் பழக்கம் போகவில்லை. பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. கண் நிறைந்துவிட்டது. தூசு விழுந்துவிட்டது என்று மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

அடுத்தடுத்த ஒத்திகைகளிலும் அப்படியே நடந்தது. மேர்வின் யன்னலை அட்டை வைத்து மூடினான். பலன் இல்லை. பிறகு அவன் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான். திரை திறக்கும் நேரம் மட்டும் ஏதாவது சாட்டுச் சொல்லி வாசல் பக்கம் போய் நிற்பான். றொசானி கழுத்துச் செபமாலையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாள். தனுஷா மட்டும் ஒவ்வொரு நாளும் முதல் நாளைவிட ஆசையாகப் பரிமாறினாள். பசியோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். அந்தப் பசிகூட அவளுக்கு இனித்தது.

ஒரு நாள் காலை அவள் எழும்பி வந்தபோது அன்னப்பூரணி அடுப்படியில் தேங்காய்த் துருவலையோடு சும்மா இருந்தாள். துருவிய பாதித் தேங்காய் கையிலேயே இருந்தது.

"புள்ள, அண்ணன் கனவுல வந்தான்" என்றாள்.

தனுஷா அவளுக்கு முன்னால் குந்தினாள்.

"நல்ல வடிவாத்தான் வந்தான். அந்த நீலக் கோட்டுச் சேட்டுப் போட்டிருந்தான். நான் கேட்டன், மனே பசிக்குதாடா எண்டு. அவன் சொல்றான், நான் சாப்பிட்டுட்டன் அம்மா, நீங்க சாப்பிடுங்க எண்டு. எங்கடா சாப்பிட்ட எண்டு கேட்டன். தங்கச்சி போட்டா எண்டான்."

அந்த வரியை அம்மா படித்திருக்க வழியில்லை. அதை எழுதிய தாள் மிஸ்ஸின் சிவப்பு மையோடு பல்கலைக்கழக விடுதியில், றொசானியின் புத்தகங்களுக்கு நடுவே கிடந்தது.

"எங்க போட்ட?" என்று கேட்டாள் அன்னப்பூரணி. குரல் உயரவில்லை.

மறைத்துப் பயனில்லை. தனுஷா எல்லாவற்றையும் சொன்னாள். பாய், இலை, விளக்கு, சேட், பெயர். அம்மா தேங்காய்ப் பாதியை எறிவாள், தலைமயிரைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அன்னப்பூரணி அப்படி ஒன்றும் செய்யவில்லை. எழும்பிப் போய்ப் பானையின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடினாள்.

"இனிப் போடாத. ஆறு வருசமா நான் அவன உசிரோட வச்சிருந்தன். நீ இல போட்டு அவனச் சாக்காட்டிராத. போட மாட்டன் எண்டு சொல்லு."

"போட மாட்டன் அம்மா."

அன்று மத்தியானம் தனுஷா மேர்வினிடம் பாயும் இலையும் வேண்டாம் என்றாள். மேசை, கதிரை, தட்டு, பிரதியில் உள்ளபடியே இருக்கட்டும். மேர்வின் குதித்தான். நடிப்புப் பரீட்சைக்கு இன்னும் ஒரு கிழமைகூட இல்லை, உனக்கென்ன விசரா, மிஸ் புள்ளியைக் குறைத்தால் நீ தருவியா என்றெல்லாம் கேட்டான். அவள் அசையவில்லை. அவனுக்கும் உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும், பிறகு வழக்கத்தைவிடச் சீக்கிரம் அடங்கிவிட்டான்.

தட்டில் வைத்த சோற்றை யாரும் தொடவில்லை. திரை திறந்தபோது வைத்தது வைத்தபடியே இருந்தது. ஆனால் மண்டபத்தில் மீன்படகின் டீசல் வாடையும் உப்பு வாடையும் வந்து நின்றது. கதிரைக்கு முன்னால் சீமெந்துத் தரை ஈரமாக இருந்தது. கழுவின தண்ணீர் என்றால் பரவி ஓடும். இது இரண்டு பாதம் வைக்கும் அளவுக்கு மட்டும், ஒருவன் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் உடுப்பிலிருந்து சொட்டுகிற மாதிரி, நின்றிருந்தது. றொசானி அழுதுவிட்டாள். தனுஷா ஒரு துணியை எடுத்துத் துடைத்தாள். தொட்டுப் பார்த்தபோது அந்த வெயிலிலும் தண்ணீர் சில்லென்று குளிர்ந்தது. அண்ணன் பசியோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தான் கொடுத்த வாக்கும் ஞாபகம் இருந்தது.

வீட்டில் அன்னப்பூரணி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். இடியப்பம் அவிக்கும்போது பானையில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் கருக விட்டாள். காலையில் கண்கள் வீங்கியிருக்கும். இரண்டு மூன்று தரம் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"வாறான். ஒவ்வொரு நாளும் வாறான். ஆனா உள்ளுக்கு வாறானில்ல. வேலியடியில நனைஞ்சுபோய் நிக்கான். வாயத் திறக்கானில்ல. வா எண்டு கூப்பிட்டன். என்ர கையத்தான் பாக்கான்."

"பசிக்குதெண்டு கேக்கானா அம்மா?"

"கேட்டாத்தான் நல்லமே" என்றாள் அன்னப்பூரணி. தன்னுடைய வெறுங்கையை விரித்துப் பார்த்தாள்.

பரீட்சை நாளன்று தனுஷா முந்தின பஸ்ஸுக்கே போய்விட்டாள். மண்டபம் நிறைந்திருந்தது. மாணவர்களின் பெற்றோர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மேர்சி மிஸ்ஸும், கொழும்பிலிருந்து வந்த வெளிப் பரீட்சகர் ஒருவரும். அந்தப் பரீட்சகர் மணிக்கூட்டைப் பார்ப்பதற்கென்றே பிறந்தவர் போலிருந்தார். மற்றக் குழுக்கள் இழுத்தடித்ததில் இவர்களுடைய முறை வர மத்தியானமாகிவிட்டது.

காட்சி தொடங்கியது. மேசை, கதிரை, தட்டு. தனுஷா தட்டில் சோறு போட்டாள். அடுத்து மகனைக் கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை. பக்கத்தில் யாரோ ஈரத்தோடு நிற்கும் குளிர் அவளுடைய இடது தோளில் பட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் சபையைப் பார்த்தாள். வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளைச் சேலை இல்லை, நல்ல நாளுக்கு உடுத்தும் பச்சைச் சேலைதான். ஒரு கையில் துணியால் கட்டிய பானை. மற்றக் கையில் சுருட்டிய வாழையிலை. சனத்துக்கு நடுவால் அவசரப்படாமல் நடந்து வந்து மேடையில் ஏறினாள். இதுவும் நாடகம்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பரீட்சகர்கூட நிமிர்ந்து உட்கார்ந்து எதையோ குறித்துக்கொண்டார். மேர்சி மிஸ் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, நான் போடல்ல" என்றாள் தனுஷா மெதுவாக. "சத்தியமாப் போடல்ல."

"தெரியும் புள்ள" என்றாள் அன்னப்பூரணி. "நான் பெத்தவளெல்லா. நான்தானே போட வேணும்."

கதிரையை ஒரு பக்கமாகத் தள்ளினாள். மேடையின் ஓரத்தில், தண்ணீர்ச் செம்புக்கும் குத்துவிளக்குக்கும் பக்கத்தில் சுருட்டிக் கிடந்த பாயை எடுத்து உதறி விரித்தாள். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக் கையால் துடைத்தாள். பானையைத் திறந்தாள். ஆறு வருடமாகத் தட்டுக்கு வராத பங்கு அது. சோற்றை அள்ளி அள்ளி வைத்தாள், சோற்றுக்குள் வைத்துக் கொண்டுவந்த மீனின் நடுத்துண்டைத் தேடி எடுத்து வைத்தாள். ஒரு மேசன் வேலைக்காரனுக்குப் போடுகிற அளவு சோறு. செம்பை வைத்தாள், விளக்கைக் கொளுத்தினாள். தனுஷாவுக்குத் தடுக்க வேண்டும் என்று ஒரு மனம், விட வேண்டும் என்று ஒரு மனம். அம்மா அண்ணனை இந்த நிமிடத்தில்தான் சாக விடுகிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. சோறு குழைத்துக் கொடுத்து வளர்த்த அதே கையால் விடுகிறாள்.

"சிவா" என்று கூப்பிட்டாள் அன்னப்பூரணி. "வாடா மனே. வந்து சாப்பிடு. அம்மா போட்டிருக்கன்."

குரல் அதில் மட்டும் உடைந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு, தனுஷாவின் கையைப் பிடித்து இழுத்து மேடையின் முன்னால் வந்தாள்.

"திரையச் சாத்து மகள்" என்றாள் றொசானியிடம்.

றொசானி கயிற்றை இழுத்தாள். திரை மூடியது. தாயும் மகளும் திரைக்கு முன்னால் நின்றார்கள். தனுஷா பேச வேண்டிய பேச்சு அங்கே இருந்தது. அவள் பேசவில்லை. மண்டபத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. அந்த அமைதியில், திரைக்குப் பின்னால், செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டுத் தரையில் வைக்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பரீட்சகர் மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் முடிந்துவிட்டது என்று மேர்வினுக்குக் கையால் காட்டினார். மேர்வின் வெளுத்த முகத்தோடு கயிற்றைப் பிடிக்கப் போனான்.

அன்னப்பூரணி மேடையிலிருந்து குனிந்து அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் பொறு தம்பி" என்றாள். "அவன் ஆறுதலாத்தான் சாப்பிடுவான்."